பதினாறு கூடை

இராக், விமான முகாம்
10-2-1946

உண்ணாமலைக்குப் பச்சமுத்து எழுதிக்கொண்டது.

உடம்பு நடமாடும்படி இருக்கிறது. நீயும் அய்யனும் காளைகள் இரண்டும் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன். வேறு விதமாக நினைக்க எனக்குத் தெம்பு இல்லை. வழக்கம்போல் இதை அய்யனுக்கு வாசித்துக் காட்டு.

சண்டை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. கப்பலில் இடம் வந்தால் அனுப்புகிறோம் என்கிறார்கள். போன மாதமும் இதைத்தான் சொன்னார்கள். அதுவரை சும்மா விடுவார்களா? லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த எங்களில் பன்னிரண்டு பேரைத் தோட்ட வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தோட்டம் என்றால் நம் ஊர்த் தோட்டம் அல்ல. இதில் மண்ணே கிடையாது. தார் பூசிய சிமெண்டுத் தொட்டி, தொட்டி நிறையப் பொடிக்கல், கல்லுக்குள் தக்காளிச் செடி. மூட்டையில் ஏதேதோ உப்பு வருகிறது. அதை நிறுத்துத் தண்ணீரில் கரைத்து நாளுக்கு மூன்று தடவை பாய்ச்ச வேண்டும். வடிகிற தண்ணீரைப் பிடித்து அதையே மறுபடியும் பாய்ச்சுகிறோம். சுற்றிலும் மணல்காடு, நடுவில் கொத்துக் கொத்தாகக் காய்.

காய் துரைமாருக்கு, எங்களுக்கு டப்பாச் சாப்பாடு. உப்புக் கரைத்துக் கரைத்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. வேறு குறை இல்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எழுது.

இப்படிக்கு
பச்சமுத்து


மல்லசமுத்திரம் தெற்குக்காடு
பங்குனி 3 (16-3-1946)

மச்சானுக்கு உண்ணாமலை கும்பிட்டு எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம். விரலுக்கு வேப்பெண்ணெய் தடவுங்கள். அங்கே கிடைக்காது என்று எழுதாதீர்கள், தேடிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை மாமனாருக்கு வாசித்தேன். "கல்லுல தக்காளி காய்க்குதாமா? பையனுக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு சாமி. மோரு குடிக்கச் சொல்லி எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

கிணற்றைக் கேட்டிருந்தீர்கள். ஐப்பசியும் ஏமாற்றியது, கார்த்திகையும் ஏமாற்றியது. காளை பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி மூன்று மாதம் ஆகிறது. அடிப்பாறையில் நாளுக்குப் பத்துக் குடம் ஊறுகிறது, அவ்வளவுதான். சோளத்தட்டுப் போர் தீர்ந்தது. சப்பாத்திக்கள்ளியை முள் பொசுக்கிப் போடுகிறோம். மயிலைக்கும் செவலைக்கும் விலா எலும்பை எண்ணிவிடலாம். பக்கத்துக் காட்டு மருதாசலம் அண்ணனின் சோடியில் ஒன்று போன வாரம் படுத்தது, எழுந்திருக்கவில்லை. நமக்கும் ஒன்று போனால் மழை வந்தும் உழவு இல்லை, கிணறு ஊறியும் கவலை இல்லை. நீங்கள் கப்பலேறி வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு இப்போது இதைத் தவிர வேறு கவலை கிடையாது.

உங்கள் கல் தோட்டத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று பட்டது. மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி போடுகிறோமே, ஒரு சட்டியில் வைக்கோலும் எருத்தூளும் போட்டு ஒன்பது நாளில் முழ உயரம் வளர்க்கிறோமே, அதுவும் மண் இல்லாத பயிர்தானே? மாட்டுக்குத் தீனியை அப்படி வளர்க்க முடியுமா என்று உங்கள் துரையைக் கேளுங்கள். எனக்குத் தக்காளி வேண்டாம்.

இந்தக் கடிதம் உங்களைச் சேரும்போதாவது இங்கே மழை பெய்திருக்கட்டும்.

உண்ணாமலை


இராக், 14-4-1946

உண்ணாமலைக்கு. இங்கே நலம். அங்கே மழை பெய்ததா என்று கேட்க வாய் வருகிறது, பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

துரையைக் கேட்டேன். செடிக்கு மண் வேண்டாம், மண்ணில் உள்ள சத்து தண்ணீரில் கரைந்து வேருக்குப் போனால் போதும் என்றார். இந்த உப்பு நமக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் சத்து வேறு எதிலும் இல்லையா என்ன? கடலைப் பிண்ணாக்கு, ஆட்டுப் புழுக்கை, விறகுச் சாம்பல் மூன்றையும் ஊறவைத்து வடிகட்டு. தட்டுக்கூடையில் பழைய சாக்கை விரித்துக் கம்பை முளைகட்டிப் பரப்பு. கூடையைச் சாய்வாகப் பந்தலில் வைத்து, ஊறின தண்ணீரைத் தெளித்து, கீழே சட்டி வைத்து வடிவதைப் பிடி. அதையே மறுபடி தெளி. பத்துக் குடத்தில் ஒன்று இதற்குப் போதும்.

இரண்டு மூன்று கூடையில் முதலில் பார். எனக்கு எழுது. இங்கே யாருக்காகவோ செய்கிற வேலை அங்கே நமக்கு ஆகும் என்றால் இந்த விரல் வெடிப்பு கொஞ்சம் ஆறும்.

பச்சமுத்து


தெற்குக்காடு
வைகாசி 8 (21-5-1946)

மச்சானுக்கு உண்ணாமலை எழுதுவது. உங்கள் சுகத்துக்கு நாமக்கல் ஆஞ்சநேயருக்கு நேர்ந்திருக்கிறேன். வந்து நீங்கள்தான் செலுத்த வேண்டும், எனக்கு நடக்கத் தெம்பு இல்லை.

முதல் மூன்று கூடையும் அழுகிப்போயின. வேர் வழுவழுவென்று ஆகி, பக்கத்தில் போக முடியாத நாற்றம். மாமனார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாளுக்கு வளக்கறதைக் கொண்டாந்து மாட்டுக்கு வளக்கறயே, இது எங்காச்சும் உண்டா சாமி? அதான் நாறுது" என்றார். அம்மனுக்குக் கோபம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிண்ணாக்குத் தண்ணீர் பச்சையாக இருந்தது, அதுதான் கோளாறு. சட்டியில் ஆறு நாள் விட்டுத் தினம் காலையும் மாலையும் குச்சியால் கலக்கினேன். ஏழாம் நாள் நாற்றம் அடங்கிவிட்டது. அந்தத் தண்ணீர்தான் வேருக்கு ஆகிறது. உங்கள் துரைக்கு இதைச் சொல்லுங்கள். மாட்டுக்கு அறுக்கிற இரண்டு நாளைக்கு முன்னால் அதையும் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் தெளிக்கிறேன்.

இப்போது தினம் நாலு கூடை விதைக்கிறேன், எட்டாம் நாள் நாலு கூடை எடுக்கிறேன். காளைக்கு இரண்டு கூடை கணக்கு. பந்தலில் எந்த நேரமும் முப்பத்திரண்டு கூடை. வேரும் குருத்துமாகப் பாய் மாதிரி சுருட்டிக் கொடுத்தால் மயிலை கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறது. தோல் பளபளப்பு வந்திருக்கிறது. மாமனாரும் நேற்று இரண்டு கூடைக்குத் தண்ணீர் தெளித்தார்.

ஒரே ஒரு தொல்லை. கம்பு குறைகிறது. அதைத்தான் நாங்களும் சாப்பிடுகிறோம். ஆனி கடைசி வரை வந்தால் அதிகம். அதற்கப்புறம் என்ன என்று தெரியவில்லை.

உண்ணாமலை


இராக், 17-6-1946

உண்ணாமலைக்குப் பச்சமுத்து.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். துரையிடம் ஆறு நாள் கதையைச் சொன்னேன், தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என் பெண்சாதி கண்டுபிடித்தது என்றேன். மூன்று வருஷத்தில் இந்த ஊரில் நான் நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

கம்பை இனி முளைக்கப் போடாதே. அது உங்கள் இருவருக்கும் இருக்கட்டும். விதைக்கு வைத்த சோளம் மொடாப்பானையில் இருக்கிறதே, அதை எடு. நீ திடுக்கிடுவாய் என்று தெரியும். அய்யன் இளஞ்சோளக் காட்டோரம் போனால்கூடக் காளைகளுக்கு வாய்க்கூடை கட்டாமல் போக மாட்டார். வாடின சோளக்குருத்து மாட்டைக் கொல்லும் என்பது எனக்கும் தெரியாததல்ல. ஆனால் யோசித்துப் பார். அந்த விஷம் வாட்டத்தில்தானே ஏறுகிறது? மழை பெய்தால் இறங்கிவிடும் என்று அய்யனே சொல்வார். கூடைப் பயிர் ஒரு நாளும் வாடுவதில்லை, வேர் எந்நேரமும் ஈரத்தில் இருக்கிறது. மண்ணே இல்லாதபோது மண்ணின் வறட்சி எங்கிருந்து வரும்? பயிர் வெளுத்து நின்றால் பிண்ணாக்குத் தண்ணீரைக் கூட்டி ஊற்று, கருகருவென்று வரும்.

அய்யன் ஒப்ப மாட்டார். இந்த இடத்தை அவருக்கு வாசிக்காமல் விட்டுவிடு. நீயாகப் போட்டது போல் இருக்கட்டும். பலன் கண்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

தைரியமாகச் செய்.

பச்சமுத்து


இராக், 22-8-1946

உண்ணாமலைக்கு. இரண்டு மாதமாக உன் எழுத்து இல்லை. தபால் கப்பல் இரண்டு வந்து போயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் கடிதம் இருந்தது. அய்யனுக்கு உடம்பு ஏதாவதா? உனக்கா? ஒரு கார்டாவது போடு. சோளம் எப்படி வந்தது?

பச்சமுத்து


தெற்குக்காடு
ஆவணி 28 (13-9-1946)

மச்சானுக்கு உண்ணாமலை எழுதுவது. எல்லாரும் இருக்கிறோம். வேலை ஓயவில்லை, அதனால் எழுத முடியவில்லை. மன்னியுங்கள்.

ஆடிக் கடைசியில் இரண்டு மழை பெய்தது. கிணற்றில் ஒரு ஆள் மட்டம் தண்ணீர். கவலை ஓட ஆரம்பித்திருக்கிறது. கத்தரி நாற்று கொஞ்சம் விட்டிருக்கிறோம்.

கூடைப் பயிரை நிறுத்தவில்லை. கடனுக்கு வாங்கிக் கம்புதான் போடுகிறேன். பதினாறு கூடைதான், ஒரு பந்தலுக்குள் அடங்கிவிடுகிறது. மருதாசலம் அண்ணன் வீட்டிலும் கேட்டார்கள், சொல்லிக்கொடுத்தேன்.

விரல் எப்படி இருக்கிறது?

உண்ணாமலை


இராக், 8-10-1946

உண்ணாமலைக்கு. விரல் இருக்கிறது.

நான் இங்கே நாள் முழுக்கச் செய்கிற வேலை என்ன தெரியுமா? எண்ணுவது. தொட்டி எத்தனை, செடி எத்தனை, தண்ணீர் எத்தனை டின். எண்ணிக்கை பிசகினால் எனக்கு உறுத்தும். வைகாசியில் காளைக்கு இரண்டு கூடை கணக்கு என்று முப்பத்திரண்டு கூடை எழுதினாய். இப்போது பதினாறு என்கிறாய். கவலையும் ஓடுகிறது என்கிறாய். கவலை இழுக்கிற காளைக்குத் தீனி கூட வேண்டும், குறையாது.

மூன்று நாளாக இந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஒரே விடைதான் வருகிறது. எது போயிற்று, மயிலையா செவலையா? எதனால்? நான் சொன்ன சோளத்தைப் போட்டாயா? மறைக்காமல் எழுது.

பச்சமுத்து


தெற்குக்காடு
ஐப்பசி 15 (31-10-1946)

மச்சானுக்கு உண்ணாமலை எழுதுவது. தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளித்தீர்களா?

மயிலைதான். ஆடியில் கழிச்சல் கண்டது. பக்கத்து ஊர்களிலும் அதே நோய், நிறைய மாடுகள் போயின. வைத்தியம் எல்லாம் பார்த்தோம். தூர இருக்கிற உங்களை எதற்கு நோகடிப்பது என்று எழுதவில்லை. சோளம் போடவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். நீங்கள் அதை நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

செவலை நன்றாக இருக்கிறது. மருதாசலம் அண்ணனுக்கும் ஒற்றைக் காளை, நமக்கும் ஒற்றைக் காளை. இரண்டையும் கூட்டுச் சோடி கட்டி ஒரு நாள் அவர் கிணறு, ஒரு நாள் நம் கிணறு என்று ஓட்டுகிறோம். காலம் தள்ளிவிடலாம்.

உண்ணாமலை


கெங்கவல்லி
12-11-1946

அண்ணனுக்குத் தங்கை குஞ்சம்மாள் வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எழுதுகிறார். இங்கே குழந்தைகள் சுகம். உன் சுகத்துக்கு அம்மன் துணை.

தீபாவளிக்கு அய்யனைப் பார்க்கப் போயிருந்தேன். பார்த்ததும் வயிறு எரிந்துவிட்டது. அந்த மனுஷர் தனியாக ஒரு சட்டி வைத்துக்கொண்டு தானே களி கிண்டித் தின்கிறார். ஆடி மாதத்திலிருந்து அண்ணி கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவாரா? மயிலை கன்றாக இருந்தபோதிலிருந்து அவர் கையில் தின்ற மாடு. உன் பெண்சாதி கூடையில் சோளத்தை முளைக்கவைத்துக் கொண்டுபோய் அதன் வாயில் கொடுத்திருக்கிறாள். குருத்துச் சோளம் ஆகாதென்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கால் நாழிகையில் வாயில் நுரை தள்ளிக் காலை உதைத்துக்கொண்டு விழுந்துவிட்டதாம். அய்யன் கருப்பட்டி கரைத்து ஊற்ற ஊற்றப் போய்விட்டது. செவலையின் கூடை அவள் கையில் இருந்ததாம், அந்த மட்டும் அது பிழைத்தது.

"ஏன் போட்டாய்?" என்று நானே கேட்டேன். "எனக்குத் தோணுச்சுங்க, போட்டேன்" என்கிறாள். நீ வந்தால்தான் இந்த வீட்டில் நியாயம் நடக்கும்.

குஞ்சம்மாள்


இராக், 4-12-1946

மல்லசமுத்திரம் பள்ளிக்கூடம் மணியன் வாத்தியார் அவர்களுக்குப் பச்சமுத்து வணக்கம். தங்கள் குடும்ப நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். இதனுடன் என் தகப்பனார் சென்றாயனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். தயவுசெய்து தாங்களே தெற்குக்காட்டுக்குப் போய் வாசித்துக் காட்ட வேண்டும். என் மனைவியிடம் கொடுக்க வேண்டாம். அவள் வாசித்தால் நடுவில் விட்டுவிடுவாள். அவளுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவன் நான்.

அய்யனுக்குப் பச்சமுத்து விழுந்து கும்பிட்டு எழுதுவது. மயிலையைக் கொன்றது நான். சோளம் போடச் சொன்னது நான். ஆனியில் எழுதினேன். கூடைப் பயிர் வாடாது, அதனால் விஷம் ஏறாது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு பெரிய புத்திசாலி மாதிரி எழுதினேன். பிண்ணாக்குத் தண்ணீரைக் கூட்டி ஊற்றவும் சொன்னேன். தங்கை கடிதம் வந்த பிறகு துரை மூலம் குதிரை வைத்தியர் ஒருவரைக் கேட்டேன். குருத்துச் சோளத்தில் அந்த விஷம் வாடினாலும் வாடாவிட்டாலும் இருக்கிறதாம். சத்து அதிகம் ஊட்டினால் அதுவும் அதிகம் ஏறுமாம். நான் சொன்னது ஒவ்வொன்றும் அதன் கழுத்தை நெரித்திருக்கிறது.

அது மட்டுமல்ல. நீங்கள் தடுப்பீர்கள் என்று தெரிந்தே, அந்த இடத்தை வாசிக்காதே, நீயாகப் போட்டது போல் இருக்கட்டும் என்று எழுதினேன். அவள் அப்படியே இருந்துவிட்டாள். நம்பாவிட்டால் அவள் தகரப் பெட்டியில் என் கடிதங்கள் எல்லாம் இருக்கும். ஜூன் மாதத்துக் கடிதத்தை எடுத்து வாத்தியாரை வாசிக்கச் சொல்லுங்கள். ஒதுக்க வேண்டுமானால் வந்ததும் என்னை ஒதுக்குங்கள். மாசியில் கப்பல் என்கிறார்கள்.

தங்கள் மகன்
பச்சமுத்து


தெற்குக்காடு
மார்கழி 24 (8-1-1947)

மச்சானுக்கு உண்ணாமலை எழுதுவது. இங்கே மாமனார் சுகம். செவலை சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நேற்றுக் காலை மணியன் வாத்தியார் வந்தார். நான் கூடைகளுக்குத் தெளித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே மாமனாரிடம் போய் உட்கார்ந்து வாசித்தார். முதல் வரியிலேயே செம்பைக் கீழே வைத்துவிட்டேன். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, ஆறு மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சாக, "அந்தக் காயிதத்தை எடுத்தா" என்றார்.

பெட்டியில் இல்லை. மற்றக் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன, அது மட்டும் இல்லை. மயிலை விழுந்ததும் மாமனார் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கருப்பட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாரே, அப்போதே வீட்டுக்குள் ஓடி அதை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன். அதன் உயிர் போவதற்கு முன்னால் உங்கள் கடிதம் போய்விட்டது. அவருக்கு நீங்கள் ஒரே மகன். நாளைக்கு அவரோடு ஏர் பிடிக்கப் போகிறவர் நீங்கள். மருமகளிடம் பேசாமல் ஒரு மனுஷர் காலம் தள்ளலாம், மகனிடம் பேசாமல் எப்படித் தள்ளுவார்?

"எரிச்சுப்போட்டனுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

நான் ஒன்றும் அறியாதவள் அல்ல, மச்சான். சோளக்குருத்து ஆகாது என்று எனக்கும் தெரியும். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு யோசித்தேன். தெரிந்தும் போட்டேன். ஏன் தெரியுமா? மூன்று வருஷமாக உங்கள் கடிதத்தில் களைப்பைத் தவிர வேறொன்றையும் நான் படித்ததில்லை. அந்த ஒரு கடிதத்தில்தான் மனுஷர் நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. இது ஆகாது என்று எழுதி உங்களை மறுபடி குனியவைக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்கு மயிலை செத்தது. ஆகவே பாதிப் பழி எனக்கும் உண்டு, முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இத்தனை நாள் பாடுபட்டு மூடிவைத்ததை ஒரே கடிதத்தில் திறந்துவிட்டீர்கள் என்று எனக்குக் கோபமும் உண்டு. பிறகு உட்கார்ந்து அழுததும் உண்டு.

மாமனார் நேற்று முழுக்கச் செவலையின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். களியும் கிண்டவில்லை. இன்று காலையில் பார்த்தால், ஆறு மாதமாகத் தனக்கென்று வைத்திருந்த களிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து பந்தலடியில் என் முன்னால் வைத்தார்.

"பிண்ணாக்கு ஊற வெக்கச் சட்டி பத்தலைன்னயே சாமி. இதையும் வெச்சுக்க. எனக்கு இனி இது எதுக்கு?" என்றார்.

அப்படி நான் சொன்னது மயிலை போவதற்கு முந்தின வாரம். அந்தச் சட்டியில் பிண்ணாக்கை ஊறப் போட்டுவிட்டு உள்ளே போய் அவருக்கும் சேர்த்து உலை வைத்தேன். இனிமேல் எனக்கு வழி ஏதாவது சொல்வதானால் கடிதத்தில் சொல்லாதீர்கள், வந்து சொல்லுங்கள்.

உண்ணாமலை